ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி

பானெட்டாம். தொப்பி என்று சொன்னால் வாய் கோணிக்கொள்ளும் போல. எனக்குத் தெரிந்து பானெட் என்பது கார் சூடாகி நடுரோட்டில் நின்றால் தூக்கி வைப்பது. என் தம்பி பெண்டாட்டி மெல்ரினாவுக்கு அது பிள்ளை தலையில் மாட்டுவது. ‘மைனி, ஞாயித்துக்கிழம ஞானஸ்நானத்துக்குப் பிள்ளைக்கு ஒரு பானெட் மட்டும் தச்சுத் தந்துருங்க. பேட்டர்ன் அனுப்பிருக்கேன், பிரிண்ட் எடுத்து அப்படியே வெட்டுனா போதும்’ என்று வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தாள். மட்டும். போதும். இந்த இரண்டு சொல்லையும் காலையிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன், துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வெட்டினால் போதுமாம். அப்படியானால் அவளே வெட்டிக்கொள்ள வேண்டியதுதானே. கத்தரிக்கோலுக்கும் எனக்கும் என்ன தாலி கட்டிய பந்தமா. தாலி என்றதும் பார், புத்தி உடனே அங்கே ஓடுகிறது. ஓடாதே. துணியைப் பார். வெள்ளை வாயில் துணி, மெல்லிசு, விரலுக்குக் கீழே நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கிறது, இந்தக் குடும்பத்து ஆம்பிளைகள் மாதிரி. பக்கத்துக்கு ஒரு துண்டு, நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் நடுவில் ஒரு பட்டை, உள்ளே லைனிங், முகத்தைச் சுற்றி லேஸ், நாடிக்குக் கீழே கட்ட நாடா. இவ்வளவுதான் தொப்பி. வளைந்த துண்டையும் நேர்ப் பட்டையையும் சேர்த்துத் தைக்கிற இடத்தில்தான் உயிர் போகிறது. குண்டூசியைக் குத்திக் குத்தி வைத்தாலும் முடிவில் ஒரு நூல் அளவு பிசகித் துருத்திக்கொண்டு நிற்கிறது. பிரி. மறுபடி தை.

ஞானத்தாயாக நிற்க வேண்டியவள் நான். தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் தகப்பனுடைய அக்காதான் கையில் ஏந்தி நிற்க வேண்டும், அதுதான் எங்களில் வழக்கம். வெள்ளை உடுப்பு அவள் எடுக்க வேண்டும், பெயர் அவள் சொல்ல வேண்டும், சாமியார் தண்ணீர் ஊற்றும்போது பிள்ளையின் தலை அவள் கையில் இருக்க வேண்டும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அல்போன்ஸ் சொன்னான், ‘எக்கா, நீதான் நிக்கணும், வேற யாரு இருக்கா நமக்கு’ என்று. நானும் நம்பினேன். வெள்ளை சாட்டினில் கவுன் தைப்பதா நெட் வைத்துத் தைப்பதா என்று ராப்பகலாக யோசித்தேன், வெட்கங்கெட்டவள். பிறகு ஒரு நாள் சாயங்காலம் வந்தான், நாற்காலி நுனியில் உட்கார்ந்தான், போட்ட டீயைக் குடிக்காமல் தம்ளரைத் திருகிக்கொண்டே இருந்தான். ‘ஃபாதர் ஒத்துக்கலக்கா. ஞானஸ்நான ஓலையில உன் பேர எழுதுனப்போ, இவங்க கல்யாணம் எந்தக் கோயில்லன்னு கேட்டாரு.’ எந்தக் கோயிலிலும் இல்லை. இசக்கிராஜன் எனக்கு மாலை போட்டது பத்திரப்பதிவு ஆபீசில். இந்துவை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்தவளுக்கு நற்கருணை கிடையாது, ஞானத்தாய்ப் பட்டம் கிடையாது, திருச்சபைக் கணக்கில் அந்தக் கல்யாணமே செல்லாது. பத்தொன்பது வயது மகளைப் பெற்று ஹாஸ்டலில் படிக்க வைத்திருக்கிறோம், சோறு வடிக்கிறேன், அவருடைய மூல வியாதிக்கு மருந்து அரைக்கிறேன், எல்லாம் செல்லாது. சரி, அது ஃபாதர் இஞ்ஞாசியின் சட்டம், அவர் சட்டத்தை அவர் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அல்போன்ஸ்? அந்தச் செல்லாத கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் யார்? அப்பா கதவைச் சாத்தியபோது பின்சுவர் ஏறிக் குதித்து ஓடி வந்து, மூச்சு வாங்க வாங்க என் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டானே, அதை அந்த ஃபாதரிடம் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருப்பான். ‘மெல்ரினா கூட பேங்க்ல வேல பாக்க ஷைனிய நிக்கச் சொல்லிருக்கோம்’ என்றான். அப்புறம் சொன்னான் பார், அதைத்தான் இந்த ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். ‘தொப்பி நீ தையேன்க்கா. உன் கை வேல அவன் தலையில இருக்கும்லா.’ ஆறுதல் பரிசு. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் தோற்றவளுக்குச் சோப்பு டப்பா கொடுப்பார்கள், அந்த மாதிரி.

நூல் அறுந்துவிட்டது. அறுகட்டும். இந்த மிஷினுக்கும் என் மனசு தெரியும் போலிருக்கிறது, நான் கோபத்தில் மிதித்தால் உடனே நூலை அறுத்துக்கொண்டு நிற்கும். ஊசிக் காதில் நூலைக் கோக்கும்போது ஒரு கண்ணை மூட வேண்டியிருக்கிறது. வயசாகிறது. பக்கத்து வீட்டில் குக்கர் கத்துகிறது, கருவாட்டு வாசம் வருகிறது, அடுப்பில் நான் ஒன்றும் வைக்கவில்லை. இசக்கிராஜன் காலையில் போகும்போது, ‘ஒரு தொப்பிதானே, தச்சுக் குடுத்துட்டுப் போயேன், இதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வச்சிருக்க’ என்றார். அவருக்கு என்ன. அவர் வீட்டில் கோயில் கொடைக்குப் போனால் முதல் பந்தியில் இலை போடுகிறார்கள். எங்கள் வீட்டில் அவருக்கு இன்றைக்கும் பெயர் கிடையாது, ‘அவரு’தான். இவருக்காகத்தானே எல்லாம் என்று ஒரு நிமிஷம் அவர் மேலும் ஆத்திரம் வருகிறது, வந்த வேகத்தில் போகிறது, நல்ல மனுஷன், என்ன செய்ய. மகளுக்கு நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. திருநீறும் பூசவில்லை. பெரியவளான பிறகு அவளே முடிவு செய்யட்டும் என்று நாங்கள் பேசிவைத்த பேச்சு. அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. பக்திக்கும் எனக்கும் ரொம்ப தூரம். பிறகு எதற்கு இந்த வயிற்றெரிச்சல் என்று கேட்டால், எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும். அவ்வளவுதான். அவனுக்கு அத்தை என்று ஒருத்தி இருப்பது தெரிய வேண்டும். நாளைக்கு அவன் நடந்து, பேசி, பெருநாளுக்குக் காசு கேட்டுப் போய் நிற்கப்போவது ஷைனி வீட்டு வாசலில். புது நன்மைக்கு, முதல் நற்கருணை வாங்க, அவனைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறவள் அவள். கல்யாண ஓலையில் அவள் பெயர் வரும். நான் யார்? தொப்பி தைத்த பொம்பிளை. தூத்துக்குடியில் அவன் பிறந்தபோது பழமும் ஹார்லிக்ஸுமாகப் போனேன். ‘இப்பதான் தூங்குதான் மைனி’ என்றாள். கொசுவலைக் கூட்டுக்குள் ஒரு பொட்டலம் கிடந்தது. முகம் சுவர்ப் பக்கம். அது பிள்ளைதானா தலையணையா என்று சத்தியமாகத் தெரியவில்லை. விழிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன், மெல்ரினாவின் அம்மா பஸ் நேரத்தை இரண்டு தடவை சொன்னார்கள். போன வாரம் திருநெல்வேலிக்கே கொண்டு வந்துவிட்டார்கள், இங்கிருந்து பத்து நிமிஷம், யாரும் கூப்பிடவில்லை. நான் பார்க்காத தலைக்குத் தொப்பி தைக்கிறேன்.

லேஸ் மிச்சம் இருக்கிறதே. இது எப்படி? மற்ற துண்டுகளுக்குப் படம் இருந்தது, தாளை வெட்டித் துணி மேல் வைத்து வெட்டினேன். லேசுக்குப் படம் இல்லை, இத்தனை இஞ்ச் என்று எழுத்தில் போட்டிருந்தது, டேப் வைத்து வெட்டினேன். இப்போது முகத்தைச் சுற்றித் தைத்து வந்தால் ஒரு விரல் நீளம் தொங்குகிறது. சுருக்கு போதவில்லையோ. இல்லை, சுருக்கு சரியாகத்தான் இருக்கிறது. தொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது சனியன். அழகாக, சின்னதாக. அடுப்படியில் உரித்த தேங்காய் ஒன்று கிடந்தது, எடுத்து அதன் தலையில் மாட்டினேன். பாதியில் நின்றுவிட்டது. தேங்காய்க்கே போதாத தொப்பி. நாலாவது மாசம் ஓடுகிற ஆம்பிளைப் பிள்ளைக்கு எப்படிப் போதும்? வெட்டிய தாளைக் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கி விரித்தேன். மூலையில் ஒரு கட்டம் போட்டிருந்தது. நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் இங்கிலீஷில், இந்தக் கட்டம் சரியாக ஒரு இஞ்ச் இருக்க வேண்டும், முதலில் அளந்து பார் என்று எழுதியிருக்கிறது. அளந்தேன். இஞ்ச் இல்லை. குறைகிறது. ஜெராக்ஸ் கடைப் பெண் தாளை நீட்டும்போது என்னமோ சொன்னாளே, ‘பேப்பர்ல ஓரம் வெட்டுப்பட்டுச்சிக்கா, அடக்கிப் போட்டுருக்கேன்’ என்று. நான் மெல்ரினாவின் ‘மட்டும்’ஐ மென்றுகொண்டு நின்றிருந்தேன், காதில் ஏறவில்லை. படத்தைச் சுருக்கி அடக்கிப் போட்டாளாம். அவளும் நல்லா இருக்கட்டும்.

தேங்காயும் தொப்பியும் மேஜை மேல் இருக்க, நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதைவிடக் கெட்டதாக ஒன்று வந்தது. இப்படியே கொடுத்தால் என்ன? தேய்த்து, டிஷ்யூ பேப்பரில் சுற்றி, டப்பாவில் வைத்துக் கொடுத்தால்? ஞாயிற்றுக்கிழமை காலையில் அவசர அவசரமாகத்தான் எடுப்பார்கள். ஷைனி மாட்டிப் பார்ப்பாள், ஏறாது. இழுப்பாள், பிள்ளை வீல் என்று அலறும். கேமராக்காரன் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மெல்ரினா முகம் போகிற போக்கை நினைத்தாலே வயிறு குளிர்ந்தது. என்னைக் கேட்டால் நீ அனுப்பிய பேட்டர்ன்தானம்மா, அப்படியே வெட்டினேன், நீதானே அப்படியே வெட்டச் சொன்னாய் என்று சொல்லிவிடலாம். பொய்கூட இல்லை. ஆனால் நடக்காது. ‘மைனி வேணும்னே செஞ்சிருக்காங்க’ என்பாள், இல்லாவிட்டால், அதற்கும் மேலாக, ‘பாவம், கண்ணு சரியாத் தெரியல போல’ என்பாள். அந்தப் பாவத்தை என்னால் தாங்க முடியாது. சரி, பெரிதாக வெட்டு. எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு கூட்டி வெட்டினால் தீர்ந்தது, இது ஒரு பெரிய வித்தையா, எத்தனை ஜாக்கெட் ஆல்டர் செய்திருக்கிறேன். துணியும் மிச்சம் இருக்கிறது. கத்தரியை எடுத்தவள் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். எனக்கே தெரியும், எதற்கு எடுத்தேன் என்று. ‘அல்போன்ஸு, தொப்பி அளவு சந்தேகமா இருக்குடே. பிள்ளையக் கொண்டுட்டு வா. தலைய அளக்காமத் தைக்க முடியாது.’ ‘மெல்ரினா இல்லக்கா, ஷைனி கூட கவுன் எடுக்கப் போயிருக்கா.’ அதனால் என்னடே, அப்பன் தூக்கிக்கொண்டு வந்தால் பிள்ளை உடைந்துபோகுமா என்றேன்.

வந்தான். தோளில் துண்டு, கையில் பால் பாட்டில், பிள்ளையைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால் யாரோ கொடுத்துவிட்ட பார்சல் மாதிரி. ‘சீக்கிரம் அளந்துருக்கா, அவ வாரதுக்குள்ள போயிரணும்.’ ஆக, சொல்லாமல்தான் கொண்டு வந்திருக்கிறான். வாங்கினேன். கனம். இவ்வளவு கனமாக இருப்பான் என்று நினைக்கவில்லை. தலை என் உள்ளங்கையில் விழுந்தது, சூடாக, உச்சி துடித்துக்கொண்டு. பால் புளித்த வாசம். என் மகள் தலையைப் பிடித்த கைதான் இது, மறந்திருக்கும் என்று நினைத்தேன், மறக்கவில்லை. அவன் என்னை முறைத்துப் பார்த்தான், கடன்காரனைப் பார்க்கிற மாதிரி. அந்த முறைப்பு எங்கள் வீட்டு முறைப்பு. அழுகை வந்துவிட்டது, இருமுவது போல் இருமிச் சமாளித்தேன். தைத்த தொப்பியை மாட்டிப் பார்த்தேன், காதுக்கு மேலேயே நின்றது, நெற்றியில் லேஸ் பதிந்து சிவந்தது. கழற்றினேன். டேப்பைச் சுற்றினேன். ‘பேரு என்னடே வைக்கப் போறீங்க?’ சும்மா கேட்பது போலத்தான் கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். ‘சண்டே தெரியும்க்கா. ஷைனிதான் செலக்ட் பண்ணிருக்கா, சர்ப்ரைஸ்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டா.’ உனக்குத் தெரியுமா என்றேன். ‘எனக்குத் தெரியும்.’ மெல்ரினாவுக்கு? ‘தெரியும்.’ எனக்கு மட்டும் சர்ப்ரைஸ். அப்போது அவன் போன் அடித்தது, பிரியாணிக்காரன். வீட்டுக்குள் டவர் எடுக்காது என்று வாசலுக்குப் போனான், கேட்டைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டான். ‘இல்ல பாய், பெரியவங்களுக்குத் தனியா, சின்னப் பிள்ளைகளுக்குத் தனியா’ என்று அங்கிருந்து குரல் கேட்டது.

மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் பெனடிக்டா சொல்லிக்கொடுத்தது, எனக்கு அந்த நேரத்தில் எதற்கு ஞாபகம் வர வேண்டும். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். சாமியார் வேண்டாம், கோயில் வேண்டாம், கொடுப்பவர் கிறிஸ்தவராகக்கூட இருக்க வேண்டாம். தண்ணீர் தலையில் ஓட வேண்டும், வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ‘சிஸ்டர், சாகக் கெடக்காத பிள்ளைக்குக் குடுத்தா?’ என்று அன்றைக்கே எழுந்து கேட்டவள் நான்தான். ‘பாவம். பெரிய பாவம். ஆனா செல்லும். ஒரு தடவை குடுத்துட்டா குடுத்ததுதான், போப்பாண்டவரே வந்தாலும் மறுபடி குடுக்க முடியாது. உக்காரு.’ சாப்பாட்டு மேஜையில் செம்பு இருந்தது. தண்ணீர் இருந்தது. பிள்ளை சாகக் கிடக்கவில்லை, கொழுகொழுவென்று என் ஜாக்கெட் ஊக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கேட்டுக்கு வெளியே அல்போன்ஸ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வேண்டாம் என்று நினைத்தேன். நினைக்கும்போதே கை செம்பை எடுத்துவிட்டது. பிள்ளையை இடது கையில் சரித்தேன். பெயர் வேண்டுமே. பெயர் சொல்லித்தானே ஆரம்பிக்க வேண்டும். என்னிடம் பெயர் இல்லை, எனக்குத்தான் சர்ப்ரைஸ் ஆயிற்றே. வாய் தானாகச் சொன்னது, சவரிமுத்து. அப்பா பெயர். என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தி, செத்த பிறகும் தன் முகத்தைப் பார்க்க விடக்கூடாது என்று சொல்லிவைத்துப் போன மனுஷனின் பெயர். வேறு எதுவும் வாயில் வரவில்லை. சவரிமுத்து, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன். மூன்று பெயருக்கும் மூன்று முறை ஊற்றினேன். பச்சைத் தண்ணீர், அவன் மூச்சை இழுத்துக்கொண்டான், கண்ணை அகல விரித்தான், அழவில்லை. தண்ணீர் உச்சியிலிருந்து காதுக்குப் பின்னால் ஓடி என் முழங்கையில் சொட்டியது. பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் வராத பயம், கடவுள் மேல் பயம். செய்துவிட்டேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

செருப்புச் சத்தம் கேட்டது. கைக்கு அகப்பட்டது அந்தச் சின்னத் தொப்பிதான், அதை எடுத்துத் தலையைத் துடைத்தேன். ‘ஏன்க்கா, தல ஈரமா இருக்கு?’ என்றான் அல்போன்ஸ். ‘தொப்பி இறுக்கம்லாடே, வேர்த்துட்டு.’ நம்பிவிட்டான். நான் சொன்னால் இவன் எப்போதும் நம்புவான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ‘பெருசா வெட்டிச் சாயங்காலத்துக்குள்ள தச்சு வைக்கேன், வந்து வாங்கிக்கோ.’ பிள்ளையைக் கொடுக்கும்போது அவன் ஊக்கை விடவில்லை, விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. ‘எக்கா, ஞாயித்துக்கிழம வந்துருவேல்லா? கோவத்துல வராம இருந்துராத.’ கோவம் என்னடே கோவம், கடைசி பெஞ்சில் இருப்பேன் என்றேன். இருக்கத்தான் போகிறேன். ஃபாதர் இஞ்ஞாசி வெள்ளிக் கிண்ணத்தில் அள்ளி ஊற்றும் தண்ணீர் வெறும் தண்ணீர் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். வெளியே சொன்னால் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், அந்தப் பிள்ளையின் வாசலைக்கூட மிதிக்க விட மாட்டார்கள். சொல்லாவிட்டால் அவனுக்கு நான் ஒன்றுமே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், என்னத்தை ஜெயித்தேன். வாசல்வரை போய் நின்றேன். காரில் பிள்ளையைச் சீட்டில் வைத்துக் கட்ட, அல்போன்ஸ் குனிந்து திணறிக்கொண்டிருந்தான். கண்ணாடி வழியாகச் சின்னத் தலை மட்டும் தெரிந்தது, முடி இன்னும் காயவில்லை. ஒரே ஒரு தடவை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் போலிருந்தது, தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப்போவது அவன் இல்லை, அல்போன்ஸ்தான். அவனுக்கும் அப்பா பெயர் தெரியும்.